சண்டையை மட்டும் சொல்லும் பிள்ளைக்குக் கதையின் கருவை எப்படிக் காட்டுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஒன்பது வயதுப் பையன், தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான், சூப்பர்ஹீரோ கதை என்றால் உயிர். ஆனால் படித்து முடித்ததும் "என்ன கதை?" என்று கேட்டால் யார் யாரை எப்படி அடித்தார் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறான்; "இந்தக் கதை என்ன சொல்ல வருது?" என்று கேட்டால் "நல்லவங்க ஜெயிப்பாங்க" என்று எல்லாக் கதைக்கும் ஒரே பதில்தான் வருகிறது. இந்தக் கதைகளை வைத்தே அவனுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளக் கற்றுத்தர முடியுமா, இல்லை இவற்றை எடுத்து வைத்துவிட்டு வேறு புத்தகங்களைக் கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக முடியும், எடுத்து வைக்க வேண்டாம். எட்டிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளோடு பல வருஷமாக உட்கார்ந்து வாசித்து வருகிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. சூப்பர்ஹீரோ கதையின் கரு நாயகனுடைய சக்தியில் கிடைக்காது, சண்டையிலும் கிடைக்காது, அந்த நாயகன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய ஒரு கட்டம் வரும், அங்கேதான் கிடைக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளையைப் பழக்கிவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் ஒன்று, உங்கள் பையனிடம் குறை எதுவும் இல்லை. 2008இல் மேரி-லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து வயதையொட்டிய பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூனைப் போட்டுக் காட்டினார்கள். மூன்று கால் உள்ள ஒரு நாயை மற்ற நாய்கள் முதலில் ஒதுக்கும், பிறகு ஏற்றுக்கொள்ளும். வேறு மாதிரி இருப்பவர்களை ஒதுக்காதே என்பதுதான் எடுத்தவர்கள் சொல்ல நினைத்தது. பிள்ளைகளில் பலர் புரிந்துகொண்டதோ மூன்று கால் நாய்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை. இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொள்ளும், அதிலிருந்து மேலே ஏறிப் பொதுவான ஒன்றைப் பிடிக்க யாராவது ஏணி போட வேண்டும். ஒன்பது வயதில் அந்த ஏறுதல் அப்போதுதான் தொடங்குகிறது, அதனால் நீங்கள் கேட்டிருக்கும் நேரம் சரியான நேரம்தான்.

சரி, ஏன் சூப்பர்ஹீரோ கதை? பிடித்திருக்கிறது, அதனால் படிப்பான் என்பது ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்பவர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் அந்த ஆட்டம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்து, நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னார்கள். அதாவது விஷயம் முன்பே தெரிந்திருந்தால் புரிதலுக்குப் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. உங்கள் பையனுக்கு அந்த உலகம் மனப்பாடம், யாருக்கு என்ன சக்தி, யார் எதிரி, முகமூடிக்குப் பின்னால் யார் என்று எல்லாம் தெரியும். அதையெல்லாம் புரிந்துகொள்ள அவன் மூளை உழைக்க வேண்டியதில்லை, அந்த மிச்சத்தை "ஏன்?" என்ற கேள்விக்குச் செலவழிக்கலாம். அறிமுகமே இல்லாத ஒரு நீதிக்கதையைக் கொடுத்துக் கருவைக் கேட்பதைவிட இது அவனுக்குப் பல மடங்கு எளிது.

இப்போது எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு கதையை வைத்துக் காட்டுகிறேன். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து செய்த ஸ்பைடர்மேனின் முதல் காமிக்ஸ் கதை. மொத்தமே 11 பக்கம்தான். கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்து ஒதுக்கும் பீட்டர் பார்க்கரை ஒரு சிலந்தி கடிக்கிறது, சக்தி வருகிறது, அதை வைத்து மேடை ஏறிப் பணமும் பேரும் சம்பாதிக்கத் தொடங்குகிறான். ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து நிற்கும்போது ஒரு திருடன் அவனைத் தாண்டி ஓடுகிறான், துரத்தி வரும் காவலர் பிடிக்கச் சொல்லிக் கத்துகிறார், பீட்டர் கையைக்கூட நீட்டவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவர் கேட்டதற்கு, அது என் வேலை இல்லை, இனி நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்வேன் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தால், அவனை வளர்த்த பெரியப்பா பென் கொலையாகிக் கிடக்கிறார். கொலைகாரனைத் துரத்திப் பிடித்து முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு விட்ட அதே திருடன்.

நான் இதைப் பிள்ளைகளோடு படிக்கும்போது முதல் தடவை ஒரு கேள்வியும் கேட்பதில்லை, கடைசி வரை சும்மா படிக்க விடுவேன். இரண்டாவது தடவை திருடன் ஓடும் அந்தப் படக் கட்டத்தில் விரலை வைத்து நிறுத்துவேன். "இவன் ஏன் பிடிக்கல?" பெரும்பாலும் முதல் பதில் "திமிரு" என்று வரும். தப்பில்லை. "சரி, அந்தத் திமிர் எப்ப வந்துச்சு? பின்னாடி போய்த் தேடு." அப்போது பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பத் தொடங்குவார்கள் பாருங்கள், அந்தப் பின்னால் திருப்புவதுதான் வாசிப்பின் உயிர். முதல் பக்கங்களில் அவனை எல்லோரும் சிரித்து விரட்டிய பிறகு, ஒரு நாள் இவர்கள் எல்லாரும் வருத்தப்படுவார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அங்கே விதை விழுந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தேடினால் இன்னொரு இடம் கிடைக்கும், என்னிடம் அன்பாக இருந்தது பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும்தான், அவர்களை நான் சந்தோஷமாக வைத்துக்கொள்வேன், மற்ற உலகம் எப்படியோ போகட்டும் என்று நினைக்கிறான். அந்த இடத்தையும் திருடன் ஓடும் இடத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருப்பேன்.

ஒரு முறை ஒரு பெண்பிள்ளை, அதுவரை வகுப்பில் அதிகம் பேசாதவள், அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரங்கள மட்டும் காப்பாத்தணும்னு நெனச்சான், மத்தவங்கள விட்டதாலதான் வீட்டுக்காரங்களுக்கே ஆயிடுச்சு" என்றாள். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வர வேண்டும் என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தப் புகழ்பெற்ற வரியைவிட இது ஆழமானது, கதையின் மூன்று மூலைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள், எழுதியவர் நேரடியாக எங்கும் சொல்லாததைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்த வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளிடம் "அத யார் சொன்னா?" என்று கேளுங்கள், எல்லோரும் ஒரே குரலில் பெரியப்பா என்பார்கள். புத்தகத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், அந்த முதல் கதையில் அவர் அதைச் சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாகத்தான் அது வருகிறது. இந்தத் தேடல் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி, நமக்கு ஒரு பெரிய உதவி. ஏனென்றால் சூப்பர்ஹீரோ கதைகளை வைத்துக் கற்றுத்தருவதில் இருக்கும் மிகப் பெரிய சிக்கலே இதுதான்: பிள்ளை கையில் இருக்கும் பக்கத்தைப் படித்துப் பதில் சொல்லாது, எப்போதோ பார்த்த படத்திலிருந்து சொல்லும். கேட்பவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது போலவே தோன்றும். அதனால் என் வகுப்பில் எந்தப் பதிலுக்கும் அடுத்த வரி ஒன்றுதான், "எங்க இருக்கு, காட்டு." அதட்டலாக இல்லாமல், உண்மையிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர் கேட்பது போலக் கேட்க வேண்டும். விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் அந்தப் பதில் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், தப்பு என்று அர்த்தம் இல்லை.

கருவைச் சொல்வதில் இன்னொரு குழப்பம் உண்டு, பெரியவர்களுக்கும் அது வரும். "இந்தக் கதையோட கரு என்ன?" என்றால் 'பொறுப்பு', 'நட்பு', 'வீரம்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அது பேசுபொருள். அதைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதுதான் கரு, அது முழு வாக்கியமாகத்தான் வர முடியும். பொறுப்பா? சரி, பொறுப்பைப் பற்றி என்ன? தட்டிக்கழித்தால் என்ன ஆகும், ஏற்றுக்கொள்ள எதை விட வேண்டியிருக்கும் என்று வாக்கியத்தை முடிக்க வைக்க வேண்டும். அந்த வாக்கியத்தில் கதாபாத்திரத்தின் பெயர் வரக் கூடாது என்று மட்டும் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். பெயரை எடுத்ததும் பிள்ளை தானாக ஒரு படி மேலே ஏறிவிடுகிறது, மூன்று கால் நாயிலிருந்து மனிதர்களுக்கு வருவது இந்த ஒரு சின்ன விதியால்தான் நடக்கிறது. "நல்லவங்க ஜெயிப்பாங்க" என்று சொன்னால் அதையும் மறுக்காதீர்கள், "இந்தக் கதையில ஜெயிச்சாங்களா?" என்று கேளுங்கள். திருடன் பிடிபட்டான், ஆனால் பெரியப்பா திரும்பி வரவில்லை, கடைசிக் கட்டத்தில் பீட்டர் இருட்டுக்குள் தனியாக நடந்து போகிறான். ஜெயித்தவன் நடை அப்படியா இருக்கும்? அந்தப் படத்தைப் பிள்ளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

கதையைத் திருப்பிச் சொல்லும்போது சண்டை மட்டும் வருவதற்கு ஒரு எளிய மருந்து இருக்கிறது. யாருக்கு, என்ன வேண்டியிருந்தது, எது குறுக்கே வந்தது, அதற்கு என்ன செய்தான், அப்புறம் என்ன ஆச்சு. இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். 'என்ன வேண்டியிருந்தது' என்பதில்தான் எல்லோரும் தடுக்குவார்கள், சண்டைக்கு முன்னால் ஆசை இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். வில்லனுக்கும் இதே ஐந்தைச் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது, நல்ல கதையில் வில்லனுக்கும் ஒரு காயமும் ஒரு காரணமும் இருக்கும், நாயகன் அதே காயத்தோடு வேறு பக்கம் திரும்பியிருப்பான். பன்னிரண்டு பதின்மூன்று வயதானபின் எக்ஸ்மென் கதைகளின் மேக்னெட்டோவை இப்படிப் படிக்கலாம், நாஜி முகாமில் குடும்பத்தை இழந்து பிழைத்து வந்தவன் ஏன் அப்படி ஆனான் என்பது எளிதில் தீராத பேச்சு. ஒன்பது வயதுக்கு அது வேண்டாம்.

காமிக்ஸ் வடிவத்துக்கே இருக்கும் ஒரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறதே, அதில் நடப்பதை யாரும் வரையவில்லை, வாசிப்பவர்தான் மனதுக்குள் நிரப்பிக்கொள்கிறார். ஸ்காட் மெக்லவுட் 1993இல் காமிக்ஸ் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை மிக அழகாக விளக்கியிருக்கிறார். எழுத்தில் ஊகிப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை, இங்கே அதற்கு ஓர் இடம் இருக்கிறது, விரலை வைத்துக் காட்டலாம். ஒரு கட்டத்தில் கதவருகே கை, அடுத்த கட்டத்தில் தரையெங்கும் கண்ணாடித் துண்டுகள். "இந்த வெள்ளையில என்ன நடந்துச்சு? எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பழக்கினால், ஊகம் என்பது சும்மா அடித்துவிடுவது அல்ல, இரண்டு பக்கமும் இருக்கும் தடயத்தைச் சேர்ப்பது என்று பிள்ளைக்கு உடம்பிலேயே பதிந்துவிடும். பிறகு படமே இல்லாத உரைநடையில் "இந்த ரெண்டு பத்திக்கும் நடுவுல இருக்கிற வெள்ளையில என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சக்தி பிடித்த பையன் என்பதால் சக்தியையும் நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். "இந்தச் சக்தி ஏன் இவனுக்கு?" என்று ஒரு கேள்வி போதும். 2014இல் தனித் தொடராக வந்த மிஸ் மார்வெலில் கமலா கான் என்ற பதினாறு வயதுப் பெண், பாகிஸ்தானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பெற்றோரின் மகள், உருவத்தை மாற்றிக்கொள்ளும் சக்தி கிடைத்ததும் முதலில் தான் ரசிக்கும் பொன்னிற முடி நாயகியின் உருவத்துக்கே மாறிவிடுகிறாள். நினைத்த உருவம் எடுக்கலாம் என்றதும் இன்னொருத்தியாக ஆக வேண்டும் என்று ஏன் தோன்றியது? பிறகு ஏன் தன் முகத்தோடு வருகிறாள்? சக்திக்கும் அவள் மனதில் இருக்கும் தவிப்புக்கும் முடிச்சு இருக்கிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கும் தருணம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்று சொல்லலாம். பலவீனத்தையும் இப்படியே கேட்கலாம். 1938இல் வந்த சூப்பர்மேனுக்குத் தொடக்கத்தில் அவன் சக்தியைப் பறிக்கும் கிரிப்டோனைட் என்ற கல்லே கிடையாது, அது 1943இல் வானொலித் தொடரில் வந்து, 1949இல்தான் காமிக்ஸுக்குள் நுழைந்தது. "யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாத ஆளுக்கு ஏன் ஒரு பலவீனத்தைக் கொடுத்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், சிக்கல் இல்லாமல் கதை இல்லை என்று பையனே உங்களுக்குப் பாடம் நடத்துவான்.

ஒரு கதையின் கரு பிடிபட்டபின் இரண்டு கதைகளைப் பக்கத்தில் வைக்கலாம். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் அன்பானவர்களைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். ஆனால் பெற்றோர் கொல்லப்பட்டபோது சிறுவனாக இருந்த புரூஸால் (பேட்மேனின் நிஜப் பெயர்) அன்றைக்கு எதுவும் செய்திருக்க முடியாது, பீட்டரால் முடிந்திருக்கும். அந்த ஒரு வித்தியாசம் இரண்டு பேரையும் எப்படி வேறு வேறு ஆளாக ஆக்குகிறது என்று பேசினால் ஒரு மாலைப்பொழுது போதாது.

அடிதடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சாரா கோய்ன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பர்ஹீரோக்களில் அதிகம் மூழ்கிய மழலைப் பருவப் பிள்ளைகள் ஒரு வருஷம் கழித்து அதிக முரட்டுத்தனம் காட்டினார்கள், பலவீனமானவர்களுக்குப் பரிந்து நிற்பது மட்டும் கூடவில்லை. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்குவதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம். நன்மை தானாக ஒட்டிக்கொள்ளாது, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் அந்தப் பேச்சு விசாரணையாக மாறிவிடக் கூடாது. ஒரு கதைக்கு மூன்று கேள்விக்கு மேல் கேட்டால் பிள்ளைக்குக் கதையே கசந்துவிடும், கேள்வித்தாள் அச்சடித்துக் கொடுப்பதை நான் விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அவன் ஆசிரியர், நீங்கள் மாணவர். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது என்ற நான்கையும் பிள்ளைகளே முறைவைத்து நடத்துகிற ஒரு வழியை பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு பெண்கள் 1984இல் முன்வைத்தார்கள், இன்றைக்கும் நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை பதிலைத் தானே தேடிக்கொள்ளும்.

சில மாதம் கழித்து உரைநடைக்கு நகர்த்த வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள், காமிக்ஸில் முகபாவமும் நிறமும் சொல்லிவிடுவதை எழுத்தில் சொற்களிலிருந்து எடுக்கப் பழக வேண்டும். நான் கண்ட நல்ல வழி, படமில்லாத ஒரு சிறுகதையைக் கொடுத்து அதை ஆறே கட்டத்தில் வரையச் சொல்வது. ஓவியம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எந்த ஆறு நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்தான், எதை விட்டான் என்பதிலேயே அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரிந்துவிடும். ஆறு கட்டத்தில் நாலு சண்டையாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இன்றைக்கே தொடங்க நினைத்தால் புதுப் புத்தகம் எதையும் வாங்க வேண்டாம், அவன் ஏற்கெனவே பத்துத் தடவை படித்த கதையையே எடுங்கள். "இதுல இவன் வேற மாதிரி செஞ்சிருக்கலாம்னு உனக்குத் தோணின எடம் எது?" என்று மட்டும் கேளுங்கள். "தெரியல" என்றுதான் முதலில் சொல்வான். அப்போது நீங்களே ஒரு பக்கத்தைக் காட்டி, உங்களுக்குத் தோன்றியதைத் தயங்கித் தயங்கிச் சொல்லுங்கள், அது அரைகுறையாக இருந்தாலும் நல்லதுதான். தன் நாயகனைப் பற்றி வேறு யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொறுக்காது, "இல்ல, அது அப்படி இல்ல" என்று புத்தகத்தை உங்கள் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தைப் புரட்டத் தொடங்குவான்.